ஜப்பானைப் படிக்க எங்கே தொடங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய ஆலைகள் இருக்கும் ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் வகுப்புக்கு ஒருவராவது, "எனக்கு வேலைக்கு இல்லைங்க, அந்த நாட்டோட வரலாறு படிக்கணும்" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார். மொழி வகுப்பில் அவருக்குப் பதில் கிடைக்காது, வரலாற்றுத் துறையில் கேட்டால் ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

அனிமே பார்த்துத்தான் ஆர்வம் வந்தது. இதை வெளியே சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். கல்கியைப் படித்துவிட்டுச் சோழர் வரலாற்றுக்குள் நுழைந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நுழைவாசலைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம், வாசலிலேயே உட்கார்ந்துவிடாமல் இருந்தால் போதும். அடுத்த முறை பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கதை எந்த ஆண்டில் நடக்கிறது? கதாநாயகன் இடுப்பில் வாள் இருக்கிறது. பொது இடத்தில் வாள் அணிவதை அரசு தடை செய்தது 1876இல். அப்படியென்றால் கதை அதற்கு முந்தியதா, அல்லது அவன் சட்டத்தை மீறுகிறானா? இப்படிக் கேட்க ஆரம்பித்ததும் பொழுதுபோக்கு படிப்பாக மாறத் தொடங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. 'புஷிடோ' என்ற சாமுராய் அறநெறி ஆயிரம் ஆண்டு மாறாமல் வந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உலகம் இன்று அறிந்திருக்கும் புஷிடோவின் பெரும்பகுதி, 1900இல் நிதோபே இனாஸோ வெளிநாட்டு வாசகருக்காக ஆங்கிலத்தில் எழுதிய நூலால் வடிவம் பெற்றது. அதற்குள் சாமுராய் என்ற வகுப்பே ஒழிக்கப்பட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

எந்தக் காலகட்டத்தை எடுப்பது? எல்லாமே பிடித்திருக்கிறதே.

முதலில் எலும்புக்கூடு ஒன்று தேவை. நாரா 710 முதல் 794 வரை. ஹெயன் அதன்பின் 1185 வரை. காமகுரா 1333 வரை, முரோமாச்சி 1573 வரை. இடையில் உள்நாட்டுப் போர்கள். எடோ 1603இலிருந்து 1868. பிறகு மெய்ஜி, 1912 வரை. அதற்குப் பிந்தியவை பேரரசர்களின் ஆட்சிக் காலப் பெயரால் தைஷோ, ஷோவா, ஹெய்செய், 2019இலிருந்து ரெய்வா. இதை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

அதற்குமேல் நான் சொல்வது ஒன்றுதான்: காலகட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் சின்னக் கேள்வியாக இருக்கட்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி எதிர்த்திசையில் வந்த ஒருவர். நொபொரு கராஷிமா (1933–2015) ஜப்பானியர். 1960களின் தொடக்கத்தில் இந்தியா வந்து, தமிழ் கற்று, கல்வெட்டு படிக்கக் கற்றார். அவர் 'சோழர் காலச் சமுதாயம்' என்று அகலமாகத் தொடங்கவில்லை. திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டே ஊர்களை எடுத்தார். ஒன்று சாதாரண வேளாண் ஊர், மற்றது பிரமதேயம், அதாவது பிராமணருக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர். இரண்டிலும் நிலம் யார் பெயரில் இருந்தது? கல்வெட்டுகளை வைத்துப் பார்த்ததில், பிரமதேயத்தில் தனியார் உடைமையும் மற்ற ஊரில் பொது உடைமையும் தெரிவதாகச் சொன்னார். 1960களில் வந்த அந்தக் கட்டுரை தென்னிந்திய நிலவுடைமை பற்றிய பேச்சின் போக்கையே மாற்றியது. 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு ஜப்பானியர் இரண்டு ஊரை வைத்து நம் வரலாற்றுக்குச் செய்ததை, நம்மில் ஒருவர் ஜப்பானின் இரண்டு ஊரை வைத்து ஏன் செய்யக்கூடாது?

அப்படி ஒரு சின்னக் கேள்விக்கு உதாரணம் தர முடியுமா?

நானே படிக்க ஆசைப்படும் ஒன்றைச் சொல்கிறேன். எடோ காலத்தில் ஜப்பானில் ஒருவகைக் கோடு போட்ட பருத்தித் துணிக்கு 'சன்டொமே' என்று பெயர். நம் சாந்தோம்தான்! மயிலாப்பூரை ஒட்டிய போர்த்துக்கீசியக் குடியிருப்பின் பெயர் துணியோடு ஒட்டிக்கொண்டு கடல் கடந்து போய்விட்டது. அதைப் போலவே சோழமண்டலக் கரையின் அச்சுத் துணிகளும் சாயத் துணிகளும் 'சராசா' என்ற பெயரில் அங்கே பெருமதிப்போடு வாங்கப்பட்டன. போர்த்துக்கீசியர் 1639இல் ஜப்பானிலிருந்து விரட்டப்பட்ட பிறகு, 1641 முதல் நாகசாகியின் தெஜிமா என்ற குட்டித் தீவில் அடைபட்டிருந்த டச்சுக் கம்பெனிதான் இவற்றைக் கொண்டுபோனது. அதே கம்பெனி நம் பக்கம் பழவேற்காட்டிலும் பிறகு நாகப்பட்டினத்திலும் இருந்தது.

இங்கே நெய்தவர் யார், அங்கே உடுத்தவர் யார், சன்டொமேயைப் பார்த்து ஜப்பானியர் தாங்களே நெய்யத் தொடங்கியபோது என்ன மாறியது? டோக்கியோவுக்கு அருகிலுள்ள கவாகொயே அப்படி நெய்ததில் பெயர் பெற்ற ஊர். 'ஜப்பானின் வெளிநாட்டு வணிகம்' என்று தலைப்பு வைத்தால் பத்துப் பிறவி போதாது. 'கவாகொயேயில் சன்டொமே' என்று வைத்தால் இரண்டு ஆண்டில் ஒரு முதுகலை ஆய்வேடு முடியும். எந்த மொழிகள் தேவை, எந்த அருங்காட்சியகத்தைத் தட்ட வேண்டும், எந்தப் பேராசிரியரை அணுக வேண்டும் என்பதெல்லாம் கேள்வி சுருங்கியதும் தானாகவே தெரியவரும்.

ஜப்பானிய மொழி தெரியாமல் படிக்க முடியுமா?

வாசகராக இருக்க முடியும், ஆய்வாளராக முடியாது. ஆங்கிலத்தில் தரமான ஆய்வுகள் ஏராளம், முதல் இரண்டு ஆண்டுக்கு அவையே போதும். அதன்பிறகு மொழி இல்லாவிட்டால் மற்றவர் மென்று கொடுத்ததைத்தான் தின்ன வேண்டியிருக்கும்.

தமிழருக்கு ஜப்பானியம் எளிது என்கிறார்களே?

வாக்கிய அமைப்பு எளிது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும். "நான் நேற்று நூலகத்தில் புத்தகம் படித்தேன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ஜப்பானியத்தில் வைத்துவிடலாம். ஆங்கிலம் வழியாகக் கற்பதைவிடத் தமிழ் வழியாக யோசித்துக் கற்றால் பாதி இலக்கணம் இலவசமாக வந்துவிடும்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஜப்பானிய அகரவரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. அந்த 'ஹ' பழங்காலத்தில் 'ப' ஒலியாக இருந்தது. அதைப் பொருத்திவிட்டு நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பௌத்தத் துறவிகள் மந்திரங்களுக்காகச் சித்தம் என்ற இந்திய எழுத்தைக் கற்றதன் விளைவு இந்த வரிசை. ஜப்பானியக் கோயில்களிலும் கல்லறைப் பலகைகளிலும் அந்த எழுத்தை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் கஞ்சி எழுத்துகள் இருக்கின்றனவே (குடிக்கிற கஞ்சி அல்ல, சீன எழுத்துகளை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்), அதில் தமிழர் என்ற சலுகை எதுவும் கிடையாது. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136. தினமும் உட்கார்ந்து எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று படித்தேன். அதையே ஆய்வு செய்யலாமா?

சுசுமு ஓனோ (1919–2008) பழைய ஜப்பானிய மொழியில் பெரும்புலமை கொண்டவர், டோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1980களிலிருந்து விடாமல் எழுதினார். தமிழகத்தில் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். சொல் ஒற்றுமைகளோடு நிற்காமல், ஜனவரி 15ஆம் தேதியை ஒட்டி ஜப்பானிய ஊர்களில் நடந்த 'சிறு புத்தாண்டு'ச் சடங்குகளையும் நம் பொங்கலையும் ஓனோ ஒப்பிட்டார்.

பெரும்பாலான மொழியியலாளர்கள் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. அவர் காட்டிய ஒலி ஒப்புமைகள் போதிய அளவு இறுக்கமாக இல்லை என்பது முக்கியமான மறுப்பு. இதைச் சொன்னால் நம்மவர் சிலருக்குக் கோபம் வருகிறது, தெரியும். உதவித்தொகை விண்ணப்பத்தில் "உறவை நிரூபிக்கப் போகிறேன்" என்று எழுதினால் நேர்காணலில் சிக்கிக்கொள்வீர்கள். "இந்தக் கருதுகோள் ஜப்பானிலும் தமிழகத்திலும் எப்படி வரவேற்கப்பட்டது, ஏன்?" என்று கேட்டால் அது நல்ல வரலாற்றுக் கேள்வி.

மொழித் தேர்வில் எந்த நிலை வரை வேண்டும்?

ஜே.எல்.பி.டி. எனப்படும் தேர்வு என்5இல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள் கொண்டது. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். சென்னையும் ஒரு தேர்வு மையம், அங்கே நடத்துவது ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் அமைப்பின் தமிழ்நாட்டு மையம். வரலாற்று நூல்களை அகராதி வைத்துக்கொண்டு வாசிக்க என்2 வேண்டும். வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு அதற்கு மூன்று நான்கு ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் என்2 என்று விளம்பரம் செய்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

கட்டணமில்லாமல் தொடங்க, ஜப்பான் அறக்கட்டளை நடத்தும் 'மினாட்டோ' இணையதளமும், அதே அமைப்பின் 'இரோதோரி' பாடநூலும் இருக்கின்றன. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் எளிய ஜப்பானியச் செய்திகள் கஞ்சிக்கு மேலே ஒலிக் குறிப்போடு வரும், தினம் ஒன்று படிக்கலாம்.

என்1 தேறிவிட்டால் பழைய ஆவணங்களையும் படித்துவிடலாமா?

முடியாது. ஜப்பானியர்களாலேயே முடியாது. எடோ காலக் கடிதங்கள், கிராமக் கணக்குகள், அச்சுக் கதைகள் எல்லாமே 'குஸுஷிஜி' என்ற கூட்டெழுத்தில் இருக்கின்றன. தமிழ் நன்றாகத் தெரிந்த நாம் வட்டெழுத்துக் கல்வெட்டின் முன்னால் எப்படி விழிப்போமோ, இன்றைய டோக்கியோவாசி அதன் முன்னால் அப்படித்தான் விழிப்பார். ஓர் ஒலிக்கு ஒரு ஹிரகானா (ஜப்பானியரின் ஒலியெழுத்து) வடிவம்தான் என்று பள்ளிகளில் வரையறுத்ததே 1900இல். அதற்கு முன் ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் புழங்கின.

இந்தப் பூட்டு இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருக்கிறது. ஒசாகா பல்கலைக்கழகக் குழு 2016இல் 'குலா' என்ற கற்றல் செயலியை வெளியிட்டது. 2021இல் வந்த 'மிவோ' என்ற இலவசச் செயலி, பழைய பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தால் இன்றைய எழுத்தில் மாற்றிக் காட்டும். அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர் தாரின் கிளனுவத் என்ற தாய்லாந்து ஆய்வாளர். வெளிநாட்டுக்காரருக்கு இது எட்டாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் நல்லது, 2017இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர் தொடங்கிய 'மின்னா தே ஹோன்கோகு'. 'எல்லாரும் சேர்ந்து படியெடுப்போம்' என்று பொருள். பழைய நிலநடுக்கங்களைப் பற்றிய ஆவணங்களைப் பொதுமக்களே வாசித்து எழுத்தாக்குகிறார்கள். நீங்கள் செய்ததை அனுபவசாலிகள் திருத்துவார்கள். பைசா செலவில்லாத பயிற்சி, மதுரையில் உட்கார்ந்தே செய்யலாம்.

இதோடு ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் 1873 ஜனவரி 1ஆம் தேதிதான் இன்றைய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முந்திய ஆவணத்தில் 'எட்டாம் மாதம்' என்றிருந்தால் அது ஆகஸ்ட் இல்லை. புதிய நாட்காட்டிக்கு அவசரமாக மாறியதில் அரசுக்கு ஒரு லாபமும் இருந்தது: 1873ஆம் ஆண்டுக்குப் பழைய கணக்கில் பதின்மூன்று மாதம், அதிகாரிகளுக்கு ஒரு மாதச் சம்பளம் மிச்சம்!

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய இலவச மூலங்கள் எவை?

இதில் பஞ்சமே இல்லை, திணறுவதுதான் சிக்கல். மூன்று நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொருள்களையும் ஓவியங்களையும் பார்க்க 'கோல்பேஸ்'. டோக்கியோ, கியோட்டோ, நாரா, கியூஷு தேசிய அருங்காட்சியகங்களின் சேகரிப்பு ஒரே இடத்தில் இருக்கிறது, படங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதைவிட அகலமான வலை 'ஜப்பான் சர்ச்'. 2020இல் முழுமையாகத் திறந்தது, நூலகம், ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடும். மரக்கட்டை அச்சோவியங்களுக்கு 'உகியோ-எ' பெயரிலேயே ஒரு தேடுதளம் உண்டு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், ஒரு படத்தை ஏற்றினால் அதே அச்சின் மற்றப் பிரதிகள் எந்த நாட்டில் இருக்கின்றன என்று காட்டும்.

இலக்கியத்துக்கு 'அவோசொரா புன்கோ'. பதிப்புரிமை முடிந்த எழுத்துகளைத் தன்னார்வலர்கள் 1997 முதல் தட்டச்சு செய்து ஏற்றிவருகிறார்கள். நம் மதுரைத் திட்டத்தின் உடன்பிறப்பு என்று சொல்லலாம். பதிப்புரிமைக் காலம் 2018 கடைசியில் ஐம்பதிலிருந்து எழுபது ஆண்டாக நீண்டதால் புதிய ஆசிரியர்கள் சேர்வது இருபது ஆண்டுக்கு நின்றுபோனது ஒரு வருத்தம்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு 'ஜே-ஸ்டேஜ்'. சமயம் என்றால் நான்ஸான் பல்கலைக்கழகத்தின் ஜப்பானியச் சமய ஆய்விதழ், பொதுவாக என்றால் கியோட்டோவின் 'நிச்சிபுன்கென்' ஆய்வு மையம் வெளியிடும் இதழ். இரண்டும் ஆங்கிலத்தில், முழுக்க இலவசம். நிச்சிபுன்கென் தளத்தில் பேய் பிசாசு ஓவியங்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் இருக்கிறது. ராத்திரி பார்க்காதீர்கள், தூக்கம் போகும். பயத்தால் அல்ல, நிறுத்த முடியாது.

இந்தியாவில் எங்கே பட்டமாகப் படிக்கலாம்?

மொழியும் இலக்கியமும் என்றால் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாதின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம், சாந்திநிகேதனின் நிப்பான் பவனம். வரலாறும் அரசியலும் என்றால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறை. சாந்திநிகேதனுக்குத் தனிச் சிறப்பு உண்டு: ஓவியக் கோட்பாட்டாளர் ஒகாகுரா 1902இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகியதும், தாகூர் 1916இல் ஜப்பான் போனதுமாக அந்த உறவுக்கு நூறாண்டு வேர் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் என்றால் ஹைதராபாத் பக்கம், தோசையும் கிடைக்கும். டெல்லி லாஜ்பத் நகரில் ஜப்பான் அறக்கட்டளையின் நூலகம் இருக்கிறது, டெல்லி போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மெக்ஸ்ட் உதவித்தொகை என்கிறார்களே, அது எப்படி?

ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகை. வரலாறு, பண்பாடு படிக்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இல்லை. கல்விக் கட்டணம் கிடையாது, போகவர விமானச் சீட்டு அவர்களே தருவார்கள், முதுகலை மாணவருக்கு மாதம் 1,44,000 யென் அளவில் கைக்கு வரும். டோக்கியோவில் அதை வைத்துக்கொண்டு ராஜாவாக வாழ முடியாது, மாணவராக வாழலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, இடைத்தரகர் எவரும் தேவையில்லை.

இரண்டு வழிகள். ஒன்று தூதரகம் வழி: பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பு வரும், ஆவணச் சரிபார்ப்பு, எழுத்துத் தேர்வு, நேர்காணல், பிறகு நீங்களே ஜப்பானியப் பல்கலைக்கழகங்களிடம் ஏற்புக் கடிதம் வாங்க வேண்டும். மற்றது பல்கலைக்கழகமே உங்களைப் பரிந்துரைப்பது. இலங்கையர் கொழும்புத் தூதரகம் வழியாகப் போக வேண்டும். 'ஆய்வு மாணவர்' பிரிவுக்கு வயது 35க்குள் இருக்க வேண்டும்.

தேர்வில் ஜப்பானியத் தாளும் உண்டு. அதில் குறைந்த மதிப்பெண் வாங்கினாலே கதை முடிந்தது என்று பயப்படாதீர்கள். மொழி போதாதவர்களுக்கு அங்கே போனதும் ஆறு மாதப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் எடோ வரலாறு படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மொழியே தொடாமல் போனால் நேர்காணலில் என்ன பதில் சொல்வீர்கள்?

ஏற்கெனவே இளநிலையில் ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்கு, ஓராண்டு அங்கே போய்ப் படித்துவர 'ஜப்பானியவியல் மாணவர்' என்று தனிப் பிரிவு இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. முனைவர் பட்டத்தின் நடுவில் இருப்பவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஜப்பான் அறக்கட்டளையின் ஆய்வு நல்கை உண்டு.

ஆய்வுத் திட்டத்தில் என்ன எழுதுவது?

இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன. "சிறுவயது முதல் ஜப்பான் மீது எனக்கு அளவற்ற காதல்" என்று தொடங்கினால் படிப்பவர் கொட்டாவி விடுவார். முதல் பத்தியிலேயே கேள்வி வர வேண்டும். அடுத்து, இதைப் பற்றி இதுவரை யார் என்ன சொன்னார்கள். பிறகு மூலங்கள்: எந்த ஆவணம், எங்கே இருக்கிறது, எந்த மொழியில். கடைசியாக, ஏன் அந்தப் பல்கலைக்கழகம். கவாகொயே நெசவைப் பற்றி எழுதிவிட்டு ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால், ஒரு நல்ல காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

பேராசிரியருக்கு மடல் எழுதினால் பதிலே வருவதில்லை.

ஒரே மடலை நாற்பது பேருக்கு அனுப்பினீர்களா? "பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆய்வுத் துறையில்..." என்று எழுதி, துறையின் பெயரை மாற்றாமலே அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு சந்தேகத்தோடு, பத்து வரிக்குள் எழுதுங்கள். குடும்பப் பெயரோடு 'சென்செய்' சேர்த்து அழைப்பது முறை. ஏப்ரலில் அங்கே கல்வியாண்டு தொடங்கும், அந்த மாதம் எழுதினால் உங்கள் மடல் அடியில் போய்விடும்.

உதவித்தொகை கிடைக்காவிட்டால் சொந்தச் செலவில் போகலாமா?

தேசியப் பல்கலைக்கழகங்களின் நிலையான கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000. டோக்கியோ பல்கலைக்கழகம் 2025இல் கட்டணத்தை 6,42,960 ஆக உயர்த்திவிட்டது. அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். அது சாப்பாட்டுக்குத்தான் ஆகும். வீட்டை அடமானம் வைத்து வரலாறு படிக்கப் போக வேண்டாம், அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பியுங்கள்.

ஆங்கிலத்திலேயே நடத்தும் படிப்புகள் உண்டா?

உண்டு. டோக்கியோவில் சோஃபியா, வசேதா, சர்வதேசக் கிறித்துவப் பல்கலைக்கழகம் மூன்றிலும் இளநிலை தாராளக் கலை (லிபரல் ஆர்ட்ஸ்) படிப்பை ஆங்கிலத்தில் முடிக்கலாம். தனியார் என்பதால் கட்டணம் கூடுதல்.

மலேசியாவிலிருந்து கேட்கிறேன். என் பாட்டனார் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்டவர். ஜப்பானிய ஆவணங்களில் தேட முடியுமா?

தேட முடியும். 1942–43இல் 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கில் அங்கேயே மாண்டார்கள். போர்க் கைதிகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவர்களைப் பற்றி எழுதப்படவில்லை.

ஜப்பானின் தேசிய ஆவணக்காப்பகம் 2001 முதல் நடத்தும் 'ஜகார்' என்ற ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் தளத்தில் ராணுவ, வெளியுறவு ஆவணங்களின் பக்கப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆங்கிலத்திலும் தேடலாம். ஆவண எண் 'சி' எழுத்தில் தொடங்கினால் ராணுவம், 'பி' என்றால் வெளியுறவு. 'ரோமுஷா' என்பது தொழிலாளருக்கு அவர்கள் பயன்படுத்திய சொல். ஆனால் தனி ஆளின் பெயர் கிடைக்கும் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சரணடைந்த 1945 ஆகஸ்டில் ராணுவம் ஏராளமான கோப்புகளை எரித்துவிட்டது. அந்த இடைவெளியை வாய்மொழிதான் நிரப்ப வேண்டும். ஆக்கிரமிப்புக் காலத்தை வாழ்ந்தவர்களின் நேர்காணல்கள் சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் குடும்பத்தில் அந்தக் காலம் நினைவிருக்கும் பெரியவர் எவராவது இருந்தால், ஜகாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காருங்கள்.

பத்து நாள் சுற்றுலா போகிறேன். எதை விடக்கூடாது?

நாரா. தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கு 752இல் நடந்தபோது, தூரிகை பிடித்துக் கண் எழுதியவர் போதிசேனர் என்ற தென்னிந்தியத் துறவி. அந்தத் தூரிகை இன்றும் இருக்கிறது, ஷோசோயின் என்ற மரக் கருவூலத்தில். சுமார் 9,000 பொருள்கள் கொண்ட அந்தக் கருவூலத்திலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் ஆண்டுக்கொரு முறை, அக்டோபர் கடைசியிலிருந்து இரண்டு வாரம்போல நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்டுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் பொருள்கள் மாறும். பயணத் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

டோக்கியோவில் நேரமிருந்தால் அசகுசாவின் மட்சுசியாமா கோயில். அங்கே இருக்கும் ஷோதென் நம் பிள்ளையார்தான். கொழுக்கட்டை கிடையாது, முள்ளங்கி படைக்கிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறேன். சமாளிக்க முடியுமா?

காய்கறிச் சூப்பிலும் மீன் கொதித்த நீர் இருக்கும். 'தாஷி' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' உணவு முழுச் சைவம், விலைதான் அதிகம்.

தேநீர்ச் சடங்கு, மலர் அலங்காரம் இவற்றைப் படிப்பது வரலாறு ஆகுமா?

ஆகும், கையால் படிக்கும் வரலாறு. இகெபானா மலர்க்கலையின் ஒஹாரா மரபைப் பின்பற்றுவோர் சென்னையிலேயே இருக்கிறார்கள். பரதம் ஆடத் தெரிந்தவர் கோயில் கரணச் சிற்பத்தைப் பார்க்கும் பார்வை வேறு இல்லையா, அதுபோலத்தான்.

படித்து முடித்தால் வேலை?

வரலாறு மட்டும் படித்தவருக்கு இந்தியாவில் ஜப்பானிய வரலாற்றுப் பணியிடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். ஆனால் இந்தப் பாதையில் போனவரிடம் மொழி இருக்கும், அந்த நாட்டார் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற புரிதலும் இருக்கும். மொழிபெயர்ப்பாளர், கற்பிப்பவர், நிறுவனத் தொடர்பாளர் என்று பிழைத்துக்கொள்ளலாம். ஒரகடத்தை விட்டு ஓடிவந்தவர் கடைசியில் ஒரகடத்துக்கே போய்ச் சேருவதும் உண்டு. அதில் என்ன, சனி ஞாயிறு சொந்தமாகத்தானே இருக்கிறது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே இல்லை. ஏதாவது சிக்கல் வருமா?

வரும், ஆனால் தீரும். ஜப்பானியப் படிவங்கள் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கும். தலைப்பெழுத்தை விரித்து எழுதினால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், அங்கே எல்லாரும் உங்களை அப்பா பெயரிலேயே கூப்பிடுவார்கள். முருகேசன் மகள் கயல்விழி இரண்டு ஆண்டும் 'முருகேசன்-சான்'தான். விண்ணப்பம், சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

தமிழில் படிக்க ஏதாவது இருக்கிறதா?

குறைவு. ஆனால் தொடக்கம் பழையது. பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். நோகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, சொல் சுருங்கிய அந்தக் கவிதை முறையை வியந்தார். தமிழில் ஹைக்கூ பற்றிய முதல் பேச்சு அதுதான் என்பார்கள். அதன்பிறகு பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்தது. நேரடியாக ஜப்பானியத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் இன்றும் மிகச் சிலர். மறுபக்கம் திருக்குறளை ஜப்பானியத்துக்குக் கொண்டுபோக ஒருவருக்கு மேற்பட்டோர் உழைத்திருக்கிறார்கள்.

சரி, இன்று மாலையே ஏதாவது செய்ய வேண்டும் என்றால்?

கோல்பேஸைத் திறந்து சராசா துணிகளைத் தேடிப் பாருங்கள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 'ஹிகோனே சராசா' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. ஹிகோனேயை ஆண்ட ஈ குடும்பத்தார் சேர்த்துவைத்த சுமார் 450 துணித் துண்டுகள். நம் கரையிலிருந்து போனவற்றில் சில உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அவ்வளவு சின்னத் துண்டைக்கூட எறிய மனம் வராமல் ஒருவர் ஏன் எடுத்து வைத்தார் என்று யோசித்துக்கொண்டே மினாட்டோவில் முதல் பாடத்தைத் திறந்துவிடுங்கள்.